ஆண்டுச் சந்தாவும் ஆகாயப் பிரயாணமும்

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் உற்சவ காலத்தில் என் தமக்கையார் மகன் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். ரொறன்ரோ நகரையடுத்த ஸ்காபரோவிலே வசிப்பவன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. நான்கு பேர் அங்கிருந்து புறப்பட்டு, இடையிலே ஒரு விமானம் மாறி, கட்டுநாயக்காவில் இறங்கி, அதன்பின் இரவு முழுவதும் வாகனத்திலே குலுங்கிக் கல்முனைக்கு வந்து சேருவதென்றால் அது சாமானியச் செலவன்று. ஆனால் அவனோ, தாயார் கொடுத்த தேநீரை வாங்கி ஒரு மிடறு குடித்ததுமே, "மாமா, இந்தமுறை டிக்கட்டுக்கு நான் காசே கொடுக்கவில்லை" என்றான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே பணப்பையைத் திறந்தான். உள்ளே சீட்டுக்கட்டுப் போலக் கடனட்டைகள் வரிசையாக இருந்தன. ஏழு எண்ணினேன். எங்கள் குடும்பத்திலே சீட்டாடியவர் எவரும் இல்லையே என்று வேடிக்கையாகச் சொன்னேன். "இதுவும் ஓர் ஆட்டந்தான் மாமா, ஆனால் நான் வெல்கிற ஆட்டம்" என்றான்.

அந்த ஆட்டம் இன்னதென்பதை வாசகர்களுக்கு முதலிலே சொல்லிவிட வேண்டும். வட அமெரிக்காவிலுள்ள வங்கிகள் பிரயாணக் கடனட்டை என்று ஒருவகை அட்டையை வழங்குகின்றன. அதற்கு ஆண்டுதோறும் சந்தா உண்டு. அட்டையை எடுத்து, முதல் மூன்று மாதத்துக்குள் குறிப்பிட்ட தொகைக்குச் சாமான் வாங்கினால், வரவேற்புப் பரிசாகப் பல்லாயிரம் புள்ளிகளைக் கணக்கிலே வரவு வைப்பார்கள். அப்புள்ளிகளை விமான நிறுவனத்திடம் கொடுத்து ஆசனம் பெறலாம். பரிசு கைக்கு வந்தபின், அடுத்த ஆண்டின் சந்தா விழுவதற்கு முன்னர் அந்த அட்டையை மூடிவிட்டு இன்னொன்றைத் திறப்பது. கணவன் ஒருமுறை, மனைவி ஒருமுறையாக மாறி மாறித் திறப்பது. இதுவே என் மருமகனின் வித்தை. இரண்டு ஆண்டுகளில் இருவருமாக ஏழு அட்டைகள் திறந்திருந்தார்கள்.

இதைக் கேட்டவுடன் எனக்கு உவகை பிறக்கவில்லை, அச்சமே பிறந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

2019ஆம் ஆண்டில் ஒரு வங்கியின் பிரதிநிதியாக வந்த இளைஞர், ஆசிரியர் ஓய்வறையிலே எங்களைச் சூழ்ந்துகொண்டார். முதல் ஆண்டு சந்தா இல்லை. விமானப் பிரயாணத்துக்குப் புள்ளிகள் உண்டு. கையொப்பம் இட்டால் போதும் என்றார். தேநீர் இடைவேளை முடிகிற மணி அடித்துவிட்டது. நானும் கையொப்பமிட்டேன். அட்டை தபாலில் வந்தது. அதை ஒருநாளாவது பாவித்தேனல்லேன். அலுமாரியிலே பழைய பரீட்சை வினாத்தாள்களுக்கிடையில் வைத்துவிட்டு மறந்துபோனேன். அடுத்த ஆண்டு வேறு வீட்டுக்குக் குடிமாறினோம். வங்கியின் கூற்றுகள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தன. 2022ஆம் ஆண்டு வீட்டுக் கூரையைத் திருத்துவதற்குக் கடன் கேட்டு வேறொரு வங்கிக்குச் சென்றபோது, முகாமையாளர் ஒரு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேர், உங்களுக்கு ஒரு கடனட்டையிலே நிலுவை இருக்கிறதே" என்றார். ஒரு சதமும் செலவழியாத அட்டைக்கு இரண்டாம் ஆண்டுச் சந்தா, அதன்மேல் தாமதக் கட்டணம், அதன்மேல் வட்டி, மறுபடி மூன்றாம் ஆண்டுச் சந்தா என்று பதினோராயிரத்துச் சொச்சம் ரூபா ஏறியிருந்தது. கட்டித் தீர்த்தேன். கடன் கிடைப்பதற்கு மேலும் மூன்று வாரம் சென்றது. அதற்கிடையில் மாரி பிடித்துவிட்டது; மழை எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் பெய்தது.

வங்கியைக் குறை சொல்லி என்ன பயன்? நான் கையொப்பமிட்ட தாளிலே எல்லாம் எழுதியே இருந்தது. எழுத்து மிகச் சிறியது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கேள்வியை இருமுறை வாசித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறவன், ஒருமுறைகூட வாசிக்கவில்லை.

ஆகவே மருமகனிடம், "தம்பி, ஒரு கொப்பியை எடு. இலவசம் என்கிறாயே, அதை எழுதிப் பார்ப்போம்" என்றேன். அவனும் கணக்குக்கு அஞ்சுகிறவன் அல்லன். தமக்கையார் வீட்டு விறாந்தையிலே, அவனுடைய மகளின் பயிற்சிக் கொப்பி ஒன்றிலே, இருவரும் எழுதினோம். எல்லாம் கனடிய டொலர்க் கணக்கு.

அந்த மாதத்தில் ஒரு டிக்கட்டின் சந்தை விலை 1,700 டொலர். நான்குக்கும் 6,800. இதுதான் அவன் "மிச்சம்" என்று மனத்திலே வைத்திருந்த தொகை. அதற்கெதிரே செலவை எழுதத் தொடங்கினோம். ஏழு அட்டைகளுள் மூன்றுக்கு முதல் ஆண்டுச் சந்தா இல்லை. மூன்றுக்குத் தலா 150. ஒன்று மாத்திரம் மேட்டுக்குடி அட்டை, அதற்கு 600. சந்தா இல்லாத மூன்றினுள் ஒன்றை உரிய காலத்தில் மூட மறந்துவிட்டான். அதற்கு இரண்டாம் ஆண்டில் 140 விழுந்தது. ஆகச் சந்தா மாத்திரம் 1,190. புள்ளி கொடுத்துப் பெற்ற ஆசனத்துக்கும் விமான நிலைய வரி, எரிபொருள் மேற்கட்டணம் என்பவற்றைக் காசாகவே கட்ட வேண்டும். அது தலைக்கு 350 வீதம் 1,400. இந்த இடத்திலேயே "காசே கொடுக்கவில்லை" என்ற பேச்சு தளர்ந்துவிட்டது.

மேலும் துருவினேன். ஒரு மாதம் பணம் கட்டத் தவறியதால் 130 டொலர் வட்டி போயிருந்தது. இந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து மருமகள் வந்து, "அந்தச் சோபாவையும் எழுதுங்கள் மாமா" என்றாள். அட்டையொன்றின் செலவு நிபந்தனையை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டி, நல்ல நிலையிலே இருந்த சோபாவை அகற்றிப் புதியது வாங்கினானாம், 900 டொலர். அவன் தயங்கினான். நான் எழுதிவிட்டேன். இன்னும் ஒன்று: சந்தாவே இல்லாத சாதாரண அட்டையிலே அதே செலவுகளைச் செய்திருந்தால், நூற்றுக்கு ஒரு டொலராவது காசாகத் திரும்பி வந்திருக்கும். 30,000 டொலர் செலவுக்கு அது 300. கைவிட்ட வரவும் செலவே.

கூட்டினால் 3,920 டொலர். இலவசம் என்று சொல்லப்பட்ட பிரயாணத்தின் விலை அது. தலைக்கு 980.

மருமகன் கொப்பியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியென்றாலும் 2,880 மிச்சந்தானே?" என்றான். அது உண்மை. 1,700க்கு விற்கிற ஆசனத்தை 980க்குப் பெற்றவனை முட்டாள் என்று சொல்லுவது நியாயமாகாது. ஆனால் நான் வேறொரு கேள்வி கேட்டேன்: "புள்ளிகள் இல்லாதிருந்தால் நாலு பேரும் வந்திருப்பீர்களா?" அவன் உடனே விடை சொல்லவில்லை. பிறகு, "இல்லை மாமா. நான் மட்டும் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போயிருப்பேன்" என்றான்.

கணக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. அவன் தனியே வந்திருந்தால் செலவு 1,700. நால்வரும் "இலவசமாக" வந்ததற்குச் செலவு 3,920. வங்கிக் காகிதத்திலே 2,880 டொலர் இலாபம். வீட்டுப் பெட்டியிலே 2,220 டொலர் கூடுதல் செலவு. இரண்டும் பொய்யல்ல. ஒருவன் தான் எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பொருளை மலிவாகப் பெற்றால் மாத்திரமே அது மிச்சம். வாங்கியிருக்கமாட்டாத பொருளைப் பெற்றால், அது அவனுக்கு எவ்வளவு பெறுமதி என்று அவனேதான் சொல்ல வேண்டும். விமான நிறுவனத்தின் விலைப்பட்டியல் சொல்லாது.

அந்த மேட்டுக்குடி அட்டையின் சலுகைகளுள் விமான நிலைய ஓய்வறையும் ஒன்று. பிரயாணத்தின்போது நான்கு பேர் அங்கே உண்டு குடித்ததை 200 டொலர் என்று அவன் வரவிலே எழுதப் பார்த்தான். "அந்த அறை இல்லாவிட்டால் 200 டொலர் கொடுத்துச் சாப்பிட்டிருப்பாயா?" என்று கேட்டேன். பதில் மருமகளிடமிருந்து வந்தது: "இடியப்பம் கட்டிக்கொண்டு வந்திருப்பேன்." அந்த வரி வெட்டப்பட்டது.

நிற்க. இந்தச் சந்தா என்பது எங்கிருந்து வந்தது?

1950ஆம் ஆண்டு நியூயோர்க்கில் பிராங்க் மக்னமாரா என்பவர் 'டைனர்ஸ் கிளப்' என்ற அட்டையைத் தொடக்கினார். உணவுச்சாலையிலே பணப்பையை மறந்துவிட்டு நாணியதன் விளைவாக அவருக்கு இந்த யோசனை உதித்தது என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதை விளம்பரத்துக்காகப் பின்னர் கட்டப்பட்டது என்று அந்நிறுவனத்தாருள் ஒருவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1958 ஒக்டோபரில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் அட்டையை வெளியிட்டபோது, டைனர்ஸ் கிளப்பின் சந்தாவைக் காட்டிலும் ஒரு டொலர் கூட்டி 6 டொலர் என்று வைத்தது. விலை கூடிய பொருளே உயர்ந்த பொருள் என்று மனிதர் நினைப்பார்கள் என்பதை அந்த நிறுவனம் அன்றே அறிந்திருந்தது. அதற்குச் சற்று முன்னர், அதே ஆண்டு செப்டெம்பரில், கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்திலே பாங்க் ஒஃப் அமெரிக்கா, கேளாமலே ஏறக்குறைய 60,000 பேருக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. அந்த அட்டைதான் 1976இல் 'விசா' என்று பெயர் மாறியது.

புள்ளிகளின் கதை பிந்தியது. 1981 மே முதலாந் திகதி அமெரிக்கன் எயர்லைன்ஸ், தன் விமானத்திலே அடிக்கடி பறப்போருக்கு மைல் கணக்கிலே வெகுமதி வழங்கும் திட்டத்தைத் தொடக்கியது. 1987இல் சிற்றி வங்கி அந்த நிறுவனத்தோடு சேர்ந்து, கடையிலே செலவழிக்கும் ஒவ்வொரு டொலருக்கும் மைல் கொடுக்கும் அட்டையை வெளியிட்டது. பறக்காமலே மைல் சேர்க்கலாம் என்ற விநோதம் அன்றுதான் பரவலாயிற்று. இந்த விநோதத்தை மனிதர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்: 1999இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியியலாளர், உணவுப் பொருள் நிறுவனமொன்றின் மைல் பரிசுக்காக 12,150 கிண்ணம் புடிங்கை ஏறத்தாழ 3,140 டொலருக்கு வாங்கி, பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மைல்களைப் பெற்றார். கிண்ணங்களை அறநிலையம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். இன்னொரு கூட்டத்தார், அமெரிக்க நாணயச்சாலை விற்ற ஒரு டொலர் நாணயங்களைக் கடனட்டைக்கு வாங்கி, அந்த நாணயத்தையே வங்கியிலே போட்டுக் கடனைத் தீர்த்தார்கள். மைல் மட்டும் கையிலே நின்றது. 2011இல் நாணயச்சாலை விழித்துக்கொண்டு, அட்டைக்கு விற்பதை நிறுத்திவிட்டது.

வங்கிகள் மாத்திரம் இதை அறியாமலா இருக்கின்றன? 2016 ஓகஸ்டில் சேஸ் வங்கி 'சஃபையர் ரிசேவ்' என்ற அட்டையை வெளியிட்டது. ஆண்டுச் சந்தா 450 டொலர். வரவேற்புப் பரிசு ஓர் இலட்சம் புள்ளி. பிரயாணச் செலவுக்காக ஆண்டுக்கு 300 டொலர் திருப்பிக் கொடுத்தார்கள். மக்கள் முண்டியடித்தார்கள். அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் இவ்வட்டையால் 20 கோடி முதல் 30 கோடி டொலர் வரை இலாபம் குறையும் என்று வங்கியின் தலைவர் ஜேமி டைமன் பகிரங்கமாகவே கூறினார். ஆனால் அவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. சில மாதங்களில் பரிசு பாதியாகக் குறைந்தது. சந்தா 2020இல் 550 ஆகவும், 2025இல் 795 ஆகவும் ஏறியது. பரிசு ஒருமுறைதான் வருகிறது. சந்தா ஆண்டுதோறும் வருகிறது. முதல் ஆண்டிலே தோற்பதற்கு வங்கி தயாராக இருப்பது, பத்தாம் ஆண்டிலும் அட்டை அதே பணப்பையிலே இருக்கும் என்ற நம்பிக்கையினால்.

என் மருமகனைப் போன்று திறந்து மூடுபவர்களுக்கு எதிராக வேலிகளும் எழும்பிவிட்டன. ஓர் அட்டைக்கான வரவேற்புப் பரிசு ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அமெரிக்காவிலே நிபந்தனை விதித்திருக்கிறது. இருபத்துநான்கு மாதத்துக்குள் ஐந்து அட்டை திறந்தவருக்குச் சேஸ் வங்கி புதிய அட்டை தருவதில்லை என்பது அங்கே பிரயாணிகளிடையே பிரசித்தம். புள்ளியின் பெறுமதியும் நிலையானதன்று. டெல்டா நிறுவனம் 2015இல் இத்தனை மைலுக்கு இந்த ஊர் என்ற அட்டவணையையே எடுத்துவிட்டது. அதன்பின் அன்றைக்கன்று கேட்டதுதான் விலை. நமக்கு அண்மையிலே, சென்னைக்கும் மும்பைக்கும் பறந்த ஜெட் எயர்வேஸ் 2019 ஏப்பிரலில் பறப்பதையே நிறுத்தியது. புள்ளியைச் சேமிப்பு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் சேர்ப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். வங்கிச் சேமிப்புக்கு வட்டி உண்டு. புள்ளிக்குத் தேய்வுதான் உண்டு.

இவ்வளவும் பேசியபின், இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்ற வினா எனக்குள் எழுந்தது. விடை கல்முனைக் கடைத்தெருவிலேயே கிடைத்தது. மருதமுனைக் கைத்தறிச் சாரம் இரண்டு வாங்குவதற்காக, எனக்கு நெடுநாள் பழக்கமான ஹாஜியார் ஒருவரின் புடவைக் கடைக்கு மருமகனை அழைத்துப் போனேன். அவன் வழக்கம்போல் அட்டையை நீட்டினான். ஹாஜியார் இயந்திரத்தை எடுத்து வைத்தார். முகத்திலே மலர்ச்சி இல்லை.

"என்ன ஹாஜியார், யோசிக்கிறீர்கள்?" என்றேன்.

"ஒன்றுமில்லை சேர். தம்பிக்குப் புள்ளி, வங்கிக்குத் தரகு, அதைக் கொடுக்கிறது நான். நூறு ரூபாவுக்கு விற்றால் இரண்டு ரூபாவுக்கு மேலே அட்டைக்காரன் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் தருவான். சாரத்திலே எனக்கு இருக்கிற இலாபம் உங்களுக்குத் தெரியாதா?"

"அட்டைக்கு வேறு விலை சொல்லலாமே" என்றான் மருமகன்.

"அது கூடாது தம்பி. அட்டைக்கு மேலதிகமாக அறவிடக் கூடாது என்று மத்திய வங்கியின் கட்டளை இருக்கிறது. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து விலையிலே கொஞ்சம் வைக்க வேண்டியதுதான். காசு கொண்டு வருகிற ஏழைப் பெண்பிள்ளையும் அதைக் கொடுத்துவிட்டுப் போகிறாள்."

மருமகன் அட்டையை உள்ளே வைத்துவிட்டுக் காசாகக் கொடுத்தான். ஹாஜியார் இருநூறு ரூபா குறைத்துக்கொண்டார். இரண்டு சாரத்திலே எந்தப் புள்ளியும் தந்திராத இலாபம் அது.

ஹாஜியார் அனுபவத்திலே சொன்னதை அறிஞர்கள் ஆராய்ந்தும் இருக்கிறார்கள். அமெரிக்க மத்திய வங்கியையும் சர்வதேச நாணய நிதியத்தையும் சேர்ந்த பொருளியலாளர்கள் சிலர், சிங்கப்பூர்ப் பேராசிரியர் சுமித் அகர்வாலோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வொன்றின்படி, கடனட்டை வெகுமதிகளின் வாயிலாக அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 கோடி டொலர், கல்வி குறைந்தோரிடமிருந்து கல்வி மிகுந்தோருக்கும் வறியோரிடமிருந்து செல்வருக்கும் கைமாறுகிறது. கட்ட வேண்டிய திகதியிலே முழுத் தொகையையும் கட்டுபவன் புள்ளியோடு போகிறான். கட்ட இயலாதவன் வட்டி கொடுத்து அவனுடைய டிக்கட்டை வாங்குகிறான். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல், வணிகரின் வங்கி அட்டை வழங்கிய வங்கிக்குக் கொடுக்கும் தரகைக் கடனட்டைக்கு நூற்றுக்கு 0.3 என்று கட்டுப்படுத்தியது. அவுஸ்திரேலியா 2003இலேயே இவ்வகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்பின் அங்கே புள்ளிகளும் மெலிந்தன. தரகு வற்றினால் புள்ளியும் வற்றும்.

மருமகன் திரும்பிப் போனபின், இந்தச் செய்தி எப்படியோ எங்கள் ஆசிரியர் ஓய்வறைக்கு எட்டிவிட்டது. இளைய ஆசிரியர்கள் இருவர் என்னிடம் வந்தார்கள். ஒருவருக்குச் சிதம்பரம், மதுரை என்று குடும்பத்தோடு யாத்திரை போக ஆசை. மற்றவருக்குத் தாயாரை உம்றாவுக்கு அனுப்ப ஆசை. நம் நாட்டு வங்கிகளின் அட்டைகளிலும் புள்ளி உண்டு. அவற்றுட் சிலவற்றின் புள்ளியை ஸ்ரீலங்கன் விமான சேவையின் 'ஃபிளைஸ்மைல்ஸ்' திட்டத்துக்கு மாற்றவும் முடியும். இரண்டு மூன்று அட்டை எடுத்தால் என்ன என்று கேட்டார்கள். ஆசை நல்ல ஆசை. நான் தடுக்கவில்லை, ஆனால் 2022ஆம் ஆண்டை நினைவூட்டினேன்.

2020 ஓகஸ்டில் நம் மத்திய வங்கி, கடனட்டை வட்டி ஆண்டுக்கு 18 வீதத்தை மிஞ்சக்கூடாதென்று எல்லை வகுத்திருந்தது. அந்நியச் செலாவணி முடை முற்றிய 2022இல், மார்ச்சுத் தொடக்கத்திலே இருநூறு ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதமளவில் முந்நூற்றறுபதைத் தொட்டது. ஏப்பிரலில் வட்டியின் எல்லையும் நீக்கப்பட்டது. கடனட்டை வட்டி ஏறி ஏறி 36 வீதம் வரை போயிற்று. மூன்று இலட்சம் ரூபா நிலுவை வைத்திருந்த ஓர் ஆசிரியர், மாதம் 4,500 ரூபா வட்டி கொடுத்த இடத்தில் 9,000 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. சம்பளம் இரட்டிக்கவில்லை. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மறுபடி தலையிட்டு 28 வீதம் என்று வரம்பு கட்டியது. அதுவும் சிறிய எண்ணன்று. நூறு ரூபாவுக்கு ஐம்பது சதப் பெறுமதியுள்ள புள்ளி கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம்: ஆண்டுக்கு ஆறு இலட்சம் ரூபா அட்டையிலே செலவழிப்பவருக்குக் கிடைப்பது 3,000 ரூபா. சந்தா அதைவிட அதிகமானால் கதை அங்கேயே முடிந்தது. சந்தா இல்லையென்றாலும், மூன்று இலட்ச நிலுவையின் வட்டி, 36 வீதத்திலே, ஓராண்டுப் புள்ளி முழுவதையும் பத்தே நாளில் விழுங்கிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது நம் பெரியோர் வாக்கு.

இன்னொன்றையும் சொன்னேன். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், 'கிரிப்' என்று எல்லாரும் சொல்லும் அந்த நிறுவனம், நாம் பெற்ற கடன்களையும் கட்டத் தவறியவற்றையும், நம்மைப் பற்றி எந்தெந்த நிறுவனம் விசாரித்தது என்பதையுங்கூடப் பதிந்து வைத்திருக்கிறது. ஆண்டுக்கு மூன்று அட்டை திறந்து மூடுபவர், பின்னொருநாள் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அந்தத் தாள் அவருக்கு முன்பாகவே மேசையில் இருக்கும். என் வீட்டுக் கூரைதான் சாட்சி.

அப்படியானால் அட்டையே வேண்டாமா என்றார் யாத்திரைக்காரர். அப்படியன்று. மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டக்கூடியவராகவும், எப்படியும் போகவிருக்கிற பிரயாணம் ஒன்றை மனத்தில் வைத்திருப்பவராகவும் இருந்தால் ஓர் அட்டை நன்மையே. எடுத்த அன்றே, நாட்காட்டியிலே பதினோராவது மாதத்தைச் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும். அந்த நாளிலே கேட்க வேண்டியது, கடந்த ஆண்டில் இது என்ன தந்தது என்பதன்று. வரவேற்புப் பரிசு மறுபடி வராது. பரிசே இல்லாத அடுத்த ஆண்டிலே, கட்டப்போகும் சந்தாவுக்கு இது என்ன தரும் என்பதே கேள்வி. தராதென்றால் எழுத்திலே கடிதம் கொடுத்து மூடி, மூடியதற்கு எழுத்திலே பதிலும் பெற வேண்டும். மூடுமுன் புள்ளிகளை எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான அட்டைகளிலே, மூடியபின் மிஞ்சிய புள்ளி வங்கியின் புள்ளி. உம்றாவுக்குத் தாயாரை அனுப்ப விரும்பியவர் வட்டியில் அகப்படவே கூடாதென்ற மார்க்கக் கட்டுப்பாடு உடையவர். அவர் கணக்கை ஒரு நொடியிலே முடித்துக்கொண்டார். மாதாமாதம் சேமிப்புப் புத்தகத்திலே போடத் தொடங்கியிருக்கிறார்.

தை மாதத்தில் ஒருநாள் இரவு மருமகன் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியிலே அழைத்தான். அந்த 600 டொலர் அட்டைக்கு இரண்டாம் ஆண்டுச் சந்தா நெருங்குகிறதாம். மூடப்போகிறேன் என்று வங்கிக்குச் சொன்னதும், மூடாமலிருந்தால் இன்னுஞ் சில ஆயிரம் புள்ளி தருகிறோம் என்றார்களாம். "என்ன செய்ய மாமா?"

"கொப்பியை எடு" என்றேன்.

எடுத்தான். அந்தப் புள்ளிகளின் பெறுமதி 200 டொலருக்கு மேலே போகவில்லை. ஓய்வறையை மறுபடி எழுதப் பார்த்தான். பின்னாலிருந்து மருமகளின் சிரிப்புக் கேட்டது. அட்டையைக் கத்தரித்துவிட்டதாக அடுத்த வாரம் செய்தி வந்தது. சோபா நன்றாக இருக்கிறதாம்.

இவ்வளவையும் நான் தமக்கையாருக்கு விவரமாகச் சொன்னேன். 3,920 டொலர் என்பதையும் இலங்கைக் காசாக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பேரப்பிள்ளைகள் இருவரும் தம்மோடு கடற்கரையிலே கச்சான் தின்றுகொண்டு நின்ற படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலே போட்டுச் சுவரிலே மாட்டியிருக்கிறார். அதைத் துடைத்துக்கொண்டே, "அவன் அடுத்ததாக எந்த மாதம் வருகிறானாம்?" என்று கேட்டார்.